180 ரூபாய் லீவர்

என் முதல் ரேஸை நான் பிட் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன். பைக் பின்னால் பேடாக்கில், அதாவது ரேஸ் பைக்குகளை நிறுத்தித் தயார் செய்யும் இடத்தில், ஸ்டாண்டு போட்டு நின்றது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் வலது முழங்கை கொஞ்சம் கன்றிப்போனதைத் தவிர ஒன்றும் இல்லை. முன் பிரேக் லீவரின் நுனியில் இரண்டு அங்குலம் காணவில்லை. அவ்வளவுதான்.

காலைப் பயிற்சியில் நடந்தது. டயர் இன்னும் சூடேறாத இரண்டாவது லேப்பில் (சுற்றில்), மெதுவான ஒரு வலது வளைவில், முன்சக்கரம் வழுக்கி பைக் படுத்துவிட்டது. வேகம் நாற்பதுகூட இருந்திருக்காது. எழுந்து, பைக்கை நிமிர்த்தி, மெல்ல ஓட்டியே பிட்டுக்கு வந்து சேர்ந்தேன். லீவரில் இரண்டு விரல் வைக்க இடம் மிச்சம் இருந்தது, பிரேக்கும் பிடித்தது. இது போதும் என்றுதான் நினைத்தேன். விழுந்த பைக்கை மறுபடி சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். சோதித்தவர் உடைந்த முனையில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நுனியில உருண்டை எங்க தம்பி?”

“உடைஞ்சிடுச்சு சார். ஆனா பிரேக் நல்லா பிடிக்குது.”

“உனக்குப் பிடிக்கும். பக்கத்துல விழுறவன் தொடையில இது கத்தி மாதிரி ஏறும். மாத்திட்டு வா, உடனே பாஸ் பண்றேன்.”

அவர் சொன்னது நியாயம். லீவர் நுனியில் அந்த உருண்டை அழகுக்காக வைத்தது இல்லை என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு லீவர்கள் இருந்தன. இரண்டும் கிளட்ச் லீவர்.

காரணம் எளிது. ஏழு வருடம் சென்னை ரோட்டில் ஓட்டியவன் நான். ரோட்டில் பைக் பெரும்பாலும் இடப்பக்கம்தான் விழும். சைடு ஸ்டாண்டு மண்ணில் புதைந்தாலும் இடப்பக்கம், சிக்னலில் கால் வழுக்கினாலும் பழக்கத்தில் இடப்பக்கம். அதனால் என் அனுபவத்தில் உடையும் பொருள் என்றால் கிளட்ச் லீவர். ரேஸ் நடந்ததோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். அங்கே கடிகாரச் சுற்றில்தான் ஓட வேண்டும், வளைவுகளிலும் வலதுதான் அதிகம். அங்கே விழுபவன் வலப்பக்கம் விழுவான். இதை யோசிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். நான் யோசிக்கவில்லை.

நண்பன் ஒருவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கடை மூடியிருந்தது. மூன்றாவது கடையில் வேறு மாடல் லீவர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். துளை பொருந்தியது, ஆனால் உள்ளே பிரேக் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு கொஞ்சம் குட்டை. லீவர் பாதி தூரம் வந்த பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பித்தது. அதை அரம் போட்டு, வாஷர் வைத்து என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே ஒலிபெருக்கியில் என் வகுப்பைக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஜி.பி. ரோட்டில் அதே லீவரை, சரியான மாடலுக்கானதை, 180 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் “இன்னொண்ணும் எடுத்துக்கங்க சார்” என்றார். மூன்றாக எடுத்துக்கொண்டேன்.

இதில் வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ரேஸுக்கு முந்தின மாதம்தான் 12,000 ரூபாய்க்கு ஒரு சைலன்சர் மாட்டியிருந்தேன். சத்தம் அருமையாக இருந்தது. அதைத் தெருவே கேட்டது, ரேஸ்தான் கேட்கவில்லை.

பைக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய யமஹா ஆர்15, இரண்டாவது வெர்ஷன், 150 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின். புதிதாக ரேஸுக்கு வருகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் கட்சி. இந்த அளவு எஞ்சினில் தப்பு செய்தால் சிராய்ப்போடு போகும் வாய்ப்பு அதிகம். 400 சிசியில் அதே தப்புக்கு விலை வேறு. தவிர, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். “உன் பைக்குக்கு லீவர் எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும்?” என்பதுதான் பைக் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. குதிரைத்திறன் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சொந்த பைக்கே இல்லாமல் ஆரம்பிக்கவும் வழி உண்டு. டிவிஎஸ், ராயல் என்ஃபீல்டு மாதிரி நிறுவனங்கள் நடத்தும் ஒரே மாடல் போட்டிகளில் பைக்கை அவர்களே தயார் செய்து தருகிறார்கள். அங்கே போகிறவனுக்கு நான் பின்னால் சொல்லப்போகும் உதிரிபாகப் புராணம் பாதி தேவைப்படாது. ஆனால் உடம்புக்கான சாமான் எல்லோருக்கும் பொது.

முதலில் அந்த உடம்புச் சாமான். எனக்கு ஆன கணக்கு: ஹெல்மெட் 11,000, பழைய தோல் சூட் 14,000, பூட்ஸ் 9,000, கையுறை 4,500, முதுகுக் கவசம் 5,000. மொத்தம் 43,500. பைக்கையே நான் அறுபதாயிரத்துக்குத்தான் வாங்கினேன். வீட்டில் கணக்குச் சொன்னபோது மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பைக்கைவிட நீங்க காஸ்ட்லியா இருக்கணும்ல, சரி” என்றாள். அது கிண்டலா சம்மதமா என்று இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தால் ரோட்டுக்குச் சரி. ரேஸுக்கு என்ன தரச்சான்று வேண்டும் என்று அந்தந்தப் போட்டியின் விதிமுறையில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஐரோப்பியத் தரமான இசிஇ 22.06 ஸ்டிக்கரும், தாடைக்குக் கீழே டக்கென்று மாட்டும் கிளிப்புக்குப் பதிலாக இரட்டை வளையத்தில் நுழைத்து இழுக்கும் பட்டையும் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். கடையில் போட்டதும் கன்னம் இரண்டும் அமுங்கி, பேசினால் உள்கன்னத்தைக் கடித்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலம் ஆட்டினால் முகத்தோலும் கூடவே ஆட வேண்டும். வசதியாக இருக்கிறது என்று தோன்றினால் அது ஒரு சைஸ் பெரியது. ஒரு தடவை தலை அடிபட்டால் அந்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்காதீர்கள், அண்ணன் தம்பியிடம்கூட.

சூட் மட்டும் பழையது வாங்கலாம். நான் வாங்கியதன் முந்தைய சொந்தக்காரர் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம், வயிறு எனக்கு அதிகம். இரண்டும் எப்படியோ ஈடுகட்டிக்கொண்டது. பழைய சூட் பார்க்கும்போது தோலை விட்டுவிட்டுத் தையலைப் பாருங்கள். தோள், முழங்கை, இடுப்பு, பின்புறம், இந்த நான்கு இடத்திலும் உள்ளே கையை விட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் இற்றிருந்தால் கண் கண்ணாகத் தெரியும். விழுந்து சறுக்கும்போது தோல் தேயும், தேயட்டும், அதற்குத்தான் இருக்கிறது. தையல் விட்டால்தான் ஆபத்து. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உள்ள மாநிலத்தில் இருந்துகொண்டு தோலுக்கு அலைய வேண்டியதில்லை. அளவெடுத்துத் தைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். முதல் வருடம் மட்டும் பழையதே போதும், ஏனென்றால் முதல் வருடத்தில்தான் நீங்கள் அதிகம் விழுவீர்கள்.

சென்னை வெயிலில் தோல் சூட் போட்டுப் பார்க்காதவருக்கு அதை விளக்குவது கஷ்டம். முதல் தடவை நான் மாட்டியபோது நேராக நிற்க முடியவில்லை. பைக்கில் குனிந்து உட்காரும் வாகில் தைத்திருப்பார்கள், அதனால் நின்றால் கூன் விழும். பத்து நிமிடத்தில் உள்ளே மழை. பயிற்சி முடிந்து கழற்றப் பார்த்தால் தோள் வரை வந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது: உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய, வழுவழுப்பான முழுநீள உள்ளாடை ஒன்று, வாங்க மனமில்லாவிட்டால் சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் இறுக்கமான பனியன், பேன்ட். கூடவே கழுத்திலும் தோளிலும் கொஞ்சம் டால்கம் பவுடர். இவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு செஷனுக்கு நடுவே இடுப்பு வரை கழற்றிவிட்டு உட்கார வேண்டும், ஈரத்துண்டு கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஓஆர்எஸ் கலந்த தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ரேஸ் இருந்தால், பன்னிரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டவன் மூன்றாவது லேப்பில் பிரேக் போடும் இடத்தை மறப்பான். நான் மறந்திருக்கிறேன்.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி நீளமாக, சூட்டின் கைக்கு மேலே மூடி இறுக்குவதாக இருக்க வேண்டும். விழுந்தவுடன் எல்லோரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான்; அங்கே கட்டியான சறுக்குத் தட்டு இருக்கிறதா பாருங்கள். பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும். முதுகுக் கவசம் சூட்டுக்குள் இருக்கும் பஞ்சு இல்லை, தனியாகப் போடுவது. அதில் லெவல் 2 (அடியை அதிகம் தாங்கும் தரம்) என்று இருந்தால் நல்லது. மார்புக் கவசத்தையும் சில போட்டிகளில் கேட்கிறார்கள்.

இப்போது பைக். ரோட்டு பைக்கை ரேஸுக்குத் தயார் செய்வது என்றால் முதல் வேலை கழற்றுவது. கண்ணாடி, இண்டிகேட்டர், ஹெட்லைட், நம்பர் பிளேட், சேலை கார்டு, சைடு ஸ்டாண்டு, பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட். கழற்றியதை ஒரு சாக்குப் பையில் போட்டுக் கட்டி, பேர் எழுதி வையுங்கள்; விற்கும்போது வேண்டும். இதையெல்லாம் கழற்றிய பைக்கை ரோட்டில் ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போக முடியாது, போகவும் கூடாது. குட்டி யானைதான் வழி. முன்சக்கரத்தை வண்டியின் முன்பலகையில் முட்ட வைத்து, ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு இழுத்து, முன் ஃபோர்க் பாதி அமுங்கும்வரை கட்ட வேண்டும். கயிறு உராயும் இடத்தில் பழைய துண்டைச் சுற்றுங்கள். ஒரு தடவை சுற்றாமல் போனேன். பூந்தமல்லி தாண்டுவதற்குள் கயிறு ஆக்சிலேட்டர் கேபிளின் உறையை அறுத்துவிட்டது. இன்னொன்று: நம் வாகன இன்ஷூரன்ஸ் ரேஸில் ஆகும் சேதத்துக்குச் செல்லாது. பாலிசித் தாளில் எழுதியே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் என்ற திரவம் டிராக்கில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரம் காயவும் காயாது. பின்னால் வருபவர்கள் வரிசையாக விழுவார்கள். ரேஸ் முடிந்ததும் மறக்காமல் கூலன்ட்டை மறுபடி ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ரேடியேட்டர் உள்ளே அரித்துப்போகும்.

அடுத்தது லாக் வயர். எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட், ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, இவை அதிர்வில் கழன்றால் ஆயில் நேராகப் பின்சக்கரத்தின் மேல்தான் கொட்டும். அதனால் போல்ட் தலையில் சின்ன ஓட்டை போட்டு, துருப்பிடிக்காத கம்பியை நுழைத்து, முறுக்கி, பக்கத்தில் ஒரு அசையாத இடத்தில் கட்ட வேண்டும். கேட்க ஐந்து நிமிட வேலை மாதிரி இருக்கும். போல்ட் தலையில் ஒன்றரை மில்லி ஓட்டை போடக் கொரட்டூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எதுக்குப்பா ஓட்டை? ஆயில் ஒழுகறதுக்கா?” விளக்கினேன். முதல் பிட் உடைந்தது. இரண்டாவது பிட்டும் உடைந்தது. மூன்றாவதை வைத்து, எண்ணெய் சொட்டு விட்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். முப்பது ரூபாய் கூலி கேட்டார், உடைந்த இரண்டு பிட்டுக்கும் சேர்த்து. நூறு கொடுத்தேன்.

கம்பி கட்டுவதில் ஒரு திசைக் கணக்கு இருக்கிறது. போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இறுக வேண்டும். நான் முதலில் கட்டியது எதிர்த்திசையில். போல்ட் கழன்றால் கம்பி தளர்ந்து வழிவிடும். என் மெக்கானிக் அண்ணன் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “போல்ட்டுக்கு டாட்டா காட்டுறதுக்குக் கட்டியிருக்கியா?” என்றார். அவர் சின்ன வயதில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இல் வருவதற்கு முன்னால், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த இடம் அது. வைக்கோல் கட்டுதான் தடுப்பு என்பார். அங்கே பார்த்ததிலேயே அவருக்கு ஞாபகம் இருப்பது ஜெயித்தவர்களின் பேர் இல்லை, யார் யார் பைக் எந்த போல்ட் கழன்று நின்றது என்பது.

பிரேக் ஆயிலை ரேஸுக்கு முன்னால் முழுதாக மாற்றி, காற்று எடுத்துவிடுங்கள். சீல் உடைக்காத புட்டியில் இருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். திறந்து வைத்தது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்து லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். செயின், சக்கர பேரிங், ஹேண்டில் திரும்ப உதவும் கோன்செட் மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். டயரில் காற்று எவ்வளவு என்பதற்கு ஊருக்குப் பொதுவான எண் கிடையாது. உங்கள் டயரை, உங்கள் எடையில், அதே டிராக்கில் ஓட்டுபவரைக் கேட்பதே உத்தமம். ஆனால் ஒரு நல்ல காற்றழுத்தமானி சொந்தமாக வைத்திருங்கள். காலையில் வைத்த காற்று மதியம் தார் கொதிக்கும்போது அதே எண்ணில் நிற்காது. செஷன் முடிந்து வந்தவுடன், பைக்கை ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே அளந்து நோட்டில் எழுதுவது இப்போது எனக்குப் பழக்கம்.

உதிரிபாகப் பெட்டிக்கு வருகிறேன். லீவர் அனுபவத்துக்குப் பிறகு நான் செய்தது இது: பைக்கை வலப்பக்கம் மெதுவாகப் படுக்க வைத்தேன், பழைய மெத்தை ஒன்றின் மேல். எது எது தரையைத் தொடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஹேண்டில்பாரின் முனை. பிரேக் லீவர். ஃபுட்ரெஸ்ட். பின்பிரேக் பெடல். சைலன்சர் (12,000 ரூபாய்!). டேங்கின் ஓரம். பிறகு இடப்பக்கம்: கிளட்ச் லீவர், கியர் லீவர், அதை இணைக்கும் சின்ன ராடு, ஃபுட்ரெஸ்ட். தரையைத் தொடும் ஒவ்வொன்றிலும் ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் இரண்டு.

ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், அதைத் தாங்கும் பிராக்கெட் இவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினேன், பாதி விலைக்கும் குறைவு. வளைவு இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே பழையதாக வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். பிரேக் பேடு, பிரேக் ஆயில், லீவர் எல்லாம் புதிது.

இவை போக: ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் தலா ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, ஃபியூஸ் நாலு, செயின் லாக் இரண்டு, வலது கைப்பிடி ரப்பர், ஹெல்மெட்டுக்கு இன்னொரு வைசர். பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) வேறு பல் எண்ணிக்கையில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முதல் வருடம் வேண்டாம். இரண்டு பல் கூட்டினால் வளைவிலிருந்து வெளியேறும்போது இழுவை கூடும், நேர்ப்பாதையில் கடைசி வேகம் குறையும். அந்த வித்தியாசம் நமக்குத் தெரிய முதலில் ஒவ்வொரு லேப்பும் ஒரே மாதிரி ஓட்ட வர வேண்டும். ஓட்டுவதற்கு முன் டயரைச் சூடாக்கும் டயர் வார்மரும் அப்படித்தான். வெயிலில் நிறுத்திவைத்தால் நம் ஊரே ஒரு வார்மர்.

கருவிகளில் டி-ஸ்பானர் 8, 10, 12, ஆலன் கீ செட், பின்சக்கர நட்டுக்கான பெரிய ஸ்பானர், கட்டிங் பிளேயர், ரப்பர் சுத்தியல், கால்பம்பு, பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு. பெட்ரோல் கேனும் புனலும். ஒரு கிலோ பனியன் வேஸ்ட். இதில் எதை மறந்தாலும் பக்கத்து டென்டில் கேட்டால் கொடுப்பார்கள். பேடாக்கில் அந்த மனது எல்லோருக்கும் உண்டு. ஆனால் உங்கள் மாடல் லீவர் மட்டும் யாரிடமும் இருக்காது.

கேபிள் டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேரிங், அதாவது பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, விரிசல் விட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விரிசலின் இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, கேபிள் டையால் காயத்துக்குத் தையல் போடுகிற மாதிரி இறுக்கிக்கொண்டே வந்து, மேலே டக்ட் டேப் ஒட்டிவிட்டால் ரேஸ் முடியும்வரை தாங்கும். சூடான ஆணியில் ஓட்டை போட்டால் பிளாஸ்டிக் மேலும் பிளக்காது. என் பைக்கின் வலப்பக்கம் இப்போது பதினேழு தையல்.

லீவர் உடையாமல் இருக்கவும் ஒரு வித்தை உண்டு. லீவரைத் தாங்கும் கிளாம்பைக் கழற்றி, ஹேண்டில்பாரில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கிளாம்பை மாட்டி, முழுதாக முறுக்காமல் விடுவது. கையால் பலமாகத் தட்டினால் திரும்ப வேண்டும், பிரேக் பிடிக்கும்போது அசையக் கூடாது. பைக் விழுந்தால் லீவர் உடைவதற்குப் பதிலாகச் சுழன்று மேலே போய்விடும். பத்து ரூபாய் டேப். இதை எனக்குச் சொல்லித்தந்தது கல்லூரி படிக்கும் ஒரு பையன், அதுவும் என் ரேஸ் போன பிறகு.

இரண்டாவது ரேஸ் நான்கு மாதம் கழித்து. ஒன்று பைக்கில் போக, மிச்ச பிரேக் லீவர் இரண்டும் பெட்டியில் செய்தித்தாளில் சுற்றி இருந்தன. காலைப் பயிற்சியில் மறுபடி விழுந்தேன், மறுபடி வலப்பக்கம். லீவர் சுழன்றது, உடையவில்லை. ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் இரண்டாக உடைந்தது. பரவாயில்லை, அது பெட்டியில் இருந்தது. ஆனால் பிராக்கெட்டைப் பிடித்திருந்த போல்ட்டில் ஒன்று ஃபிரேமுக்குள்ளேயே முறிந்து, தலை போய், உடம்பு மட்டும் உள்ளே நின்றது. நீட்டிக்கொண்டிருந்தாலாவது பிளேயரால் பிடிக்கலாம். மட்டமாக முறிந்திருந்தது.

மெக்கானிக் அண்ணன் அன்று கூட வந்திருந்தார். பெட்டியைக் கிளறினார், அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. பக்கத்து டென்டில் ஒரு கூர் உளி வாங்கி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முறிந்த போல்ட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் சுத்தியலால் மெல்லத் தட்டினார். டொக். டொக். ஒன்றும் அசையவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “அதைப் பார்க்காத, இதைப் பாரு” என்றார். இருபது இருபத்தைந்து தட்டுக்குப் பிறகு விளிம்பு நூலளவு நகர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, இரண்டு மரை வெளியே வந்ததும் விரலாலேயே சுற்றி எடுத்துக் கையில் கொடுத்தார்.

தகுதிச் சுற்று அதற்குள் முடிந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து கிளம்ப அனுமதித்தார்கள். பதினாறு பைக்கில் பதிமூன்றாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் வழியில் விழுந்தவர்கள். சாயங்காலம் குட்டி யானையில் பைக்கை ஏற்றிக் கட்டியபின், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலில் மார்க்கரால் இரண்டு வரி சேர்த்தேன். கூர் உளி ஒன்று. ஃபுட்ரெஸ்ட் போல்ட், 8 மில்லி, நாலு.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆறா எழுது” என்றார்.